மஹ்ரூப் நானாவும் கோபக்காரரின் சாட்சியும்

அன்று காலை சாப்பாட்டுக்குப் பாண் விற்கிறவரின் முச்சக்கரவண்டி வந்துபோன கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி திறந்தது. பாங்கு சொல்லும் நேரம் அல்ல. நேரமில்லாத நேரத்தில் அது திறந்தால், எந்த மதத்தவராக இருந்தாலும் கற்பிட்டியில் எல்லோரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம். நான் பாணைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மச்சானுமாகிய மஹ்ரூப் அவர்கள் காலமானார்கள் என்று அறிவித்தார்கள். உறவுமுறை ஒன்றுவிடாமல் வந்தது. மனிதர் எப்படிப்பட்டவர் என்று ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட அவருக்கு இது பிடித்திருக்கும் என்று அந்தத் துக்கத்திலும் எனக்குத் தோன்றியது. வீட்டாருக்கு உறவைச் சொல்லத்தான் உரிமை உண்டு, மிச்சத்தை அடுத்த வீட்டார் சொல்லட்டும் என்று காலமெல்லாம் வாதாடியவர் அவர்.

அவரை அறிந்தவர்களுக்கு வலைக்கடை மஹ்ரூப் என்றால் போதும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இறங்குதுறைக்குப் போகிற வீதியில் வலை, கயிறு, தூண்டில், எஞ்சின் எண்ணெய் எல்லாம் விற்கிற கடை அவருடையது. கஞ்சி போட்ட வெள்ளைச் சாரமும் அத்தர் வாசனையுமாக, வலைக் குவியலுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். தூண்டில் வாங்கப் போனால் உங்கள் பாட்டனாரின் பெயரைக் கேட்பார். பாட்டனாரிலிருந்து பழைய தோணிகளுக்குப் போவார், தோணியிலிருந்து ஊரில் வாழ்ந்த பெரிய மனிதர்களுக்கு வருவார். கடைசியில் நீங்கள் தூண்டில் வாங்காமலே வீடு திரும்பியிருப்பீர்கள், அவரும் விற்க மறந்திருப்பார்.

இந்தத் துறைமுக ஊரில் பெயர் சொல்ல வாழ்ந்தவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது அவருடைய குறை. கோட்டையைக் கட்டிய வெள்ளைக்காரரின் கல்லறையில் எழுத்து இருக்கிறது, நம்முடைய ஆட்களுக்கு எங்கே எழுத்து என்று கேட்பார். அதற்காக இறங்குதுறைக்குப் பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஐஸ் காம்பராவை, மீனுக்கு ஐஸ் வைத்த பழைய அறையை, கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த பிறகு, அங்கே ஊர்க்கதை நடக்கும். ஒரு நாளைக்கு ஒரு பெரியவர். கதை தேறினால், உடைந்த படகிலிருந்து எடுத்த பலகை ஒன்றில் அவர் பெயரை எழுதிச் சுவரில் ஏற்றுவார்கள். துறைமுகத்தில் விளக்கேற்றிய பறங்கிக்காரர், உப்பளத் தொழிலாளருக்காக வழக்காடிய நொத்தாரிசு, முதற் பெண்பிள்ளைகள் பள்ளிக்குத் தன் வீட்டு முன்மண்டபத்தைக் கொடுத்த செட்டியார் என்று பலகைகள் ஒவ்வொன்றாக ஏறின.

ஏறுவது சுலபமாக இருக்கவில்லை. இரண்டு சாட்சி வேண்டும் என்பது நானா போட்ட சட்டம். முதற்சாட்சி அந்தக் குடும்பத்துக்கு உறவில்லாதவராக இருக்க வேண்டும். அதை ஊர் ஒத்துக்கொண்டது. இரண்டாம் சாட்சி அந்தப் பெரியவரோடு சண்டை பிடித்தவராகவோ சண்டை பிடித்த வீட்டைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும் என்றபோதுதான் ஊர் சிரித்தது. "சிநேகிதன் சொன்னா அது அன்பு. கோவக்காரன் வாயாலயும் வந்தாத்தான் அது வரலாறு," என்று அவர் சொல்வார். சிரித்தவர்களைப் பார்த்து அவரும் சிரிப்பார், ஆனால் சட்டத்தை மாற்றமாட்டார்.

சாட்சி நடக்கும்போது பெரியவரின் வாரிசுகள் உள்ளே இருக்கக்கூடாது. ஐஸ் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. ஐஸ் கட்டியை வெளியே தள்ளுவதற்குக் கடற்பக்கச் சுவரில் ஒரு சதுரத் துவாரம் மட்டும் உண்டு. வெளியே அனுப்பப்பட்ட வாரிசுகள் நேரே போய் அந்தத் துவாரத்தடியில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அது நானாவுக்கு நன்றாகத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் தன் சட்டம் செல்லாது என்பார். உள்ளே ஒரு பெரிய ஃபேன் இருந்தது. அது சுற்றினால் சங்கு ஊதுகிற மாதிரி இரைச்சல், வெளியே ஒன்றும் கேட்காது. அதன் சுவிட்சுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் நானா எப்போதும் உட்காருவார். சாட்சி கொஞ்சம் காரமாகப் போனால் ஃபேனைப் போட்டுவிடுவார். நல்ல வார்த்தை வரப்போகிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஆளின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்றார். எங்களுக்கெல்லாம் வியர்த்துக் கொட்டும் நேரங்களில் வெளியே யாரோ ஒருவர் தன் பாட்டியைப் பற்றிய நல்ல சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

என்னை அங்கே இழுத்ததும் ஒரு சண்டைதான். நான் அப்போது ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் தாதி. ஒரு பிற்பகல் வார்டு வாசலில் அத்தர் மணந்தது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்களைத்தான் மிஸ்ஸி. நீங்க பாத்துமுத்து மருத்துவிச்சியோட சண்டை பிடிச்சதாக் கேள்விப்பட்டேன். உண்மையா?"

"ஓம். ஒருக்கா இல்ல, எத்தனையோ தரம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

பாத்துமுத்து, வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர், அப்போது மவுத்தாகி அடக்கமாகிச் சில வருடம். அவரைப் பற்றி என் வயிற்றெரிச்சலைக் கொட்ட ஓர் இடம் கிடைத்த சந்தோஷத்தில் சனிக்கிழமை போய்ச் சாட்சிகளுக்கான மர வாங்கில் உட்கார்ந்தேன். வயிறு கனத்த பெண்களை நேரத்தோடு கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார் என்றேன். கட்டில் ஆயத்தமில்லை என்று எல்லார் முன்னாலும் என்னைத் திட்டுவார். உள்ளே விடாவிட்டால் வாசல் வேம்படியில் உட்கார்ந்துகொள்வார், போகச் சொன்னாலும் போகமாட்டார், பிள்ளை அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழும்பிப் போவார், பிள்ளையைப் பார்க்கக்கூட வரமாட்டார். அவர் கூட்டிவந்திருக்காவிட்டால் அந்தப் பெண்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிப் படியையே மிதித்திருக்கமாட்டார்கள் என்று, நானே சொல்லி நானே கேட்ட பிறகுதான் விளங்கியது. "வேற குறை ஏதும் ஈக்குதா மிஸ்ஸி?" என்று நானா கேட்டார். இல்லை என்றேன். அன்று அவர் சுவிட்சைத் தொடவே இல்லை. துவாரத்துக்கு வெளியே பாத்துமுத்துவின் பேத்திமார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அதிலிருந்து நான் ஊர்க்கதையை விடவில்லை. தலவிலப் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த எனக்கு, இந்த ஊர் என்னுடையது என்ற எண்ணம் அந்தக் காம்பராவில்தான் வந்தது.

எல்லாரும் என்னைப் போல மகிழ்ந்து திரும்பவில்லை. ரவூப் ஹாஜியாரின் கதை உங்களுக்குத் தெரியும். தென்னந்தோட்டமும் உப்பளமும் உள்ள மனிதர். நானாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த இரைச்சல் ஃபேனைக் காம்பராவுக்கு அன்பளிப்புச் செய்தவரும் அவர்தான். தன் மூத்தவாப்பா, அதாவது பாட்டனார், ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டிக் கொடுத்தவர், அவருக்கு ஒரு பலகை வேண்டும் என்று வந்தார். முதற்சாட்சியாகத் தன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கொண்டுவந்தார். இரண்டாம் சாட்சியாக வந்தவர் அவருடைய சம்பந்தி. மூத்தவாப்பாவோடு தங்கள் குடும்பம் கடும் சண்டை என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சண்டை எதற்கு என்று நானா கேட்டார். சம்பந்தி ஹாஜியாரைப் பார்த்தார். காம்பரா முழுவதும் சிரித்துவிட்டது.

"உங்கட தோட்டத்துல சம்பளம் எடுக்கிறவர் அடுத்த வீட்டுக்காரர் இல்ல ஹாஜியார். உங்கட சம்பந்தி கோவக்காரரும் இல்ல," என்றார் நானா.

ஹாஜியார் எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. ஃபேனைக் கழற்றிக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தோம், அதையும் செய்யவில்லை. வீதியில் எங்களில் யாரையாவது கண்டால் மட்டும் வண்டியை நிறுத்தி, "என்ட ஃபேன் சுத்துதா?" என்று கேட்பார். சுற்றுகிறது என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். நானாவும் அவரும் அதன் பிறகு ஒரு சொல் பேசியதை யாரும் காணவில்லை.

இனி நானாவின் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆதம் தண்டையல் என்பது பெயர். பாய்மரத் தோணிக்குத் தலைவர். வடக்கே தீவுகளில் மீன் பருவத்துக்குக் குடிசை போட்டு வாடியடித்துத் தங்கிய மீனவக் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால், வள்ளத்தில் ஆள் வந்து இவரைத்தான் கூப்பிடுவார்களாம். எந்தக் கடலிலும் போய் ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் விடுவாராம். அவருடைய பழைய தோணியின் பலகையில் செய்ததுதான் சாட்சிகள் உட்காருகிற வாங்கு. அதை நான் வெகுநாள் அறியவில்லை. சுவரில் ஏற்ற வேண்டிய பலகையின் மேல் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து எழும்பியிருக்கிறோம்.

முதற்சாட்சி கிடைத்தது. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வந்து, தன் மாமியார் அந்தத் தோணியில் வந்துதான் பிள்ளை பெற்றார் என்று சொல்லிப்போனார். இரண்டாம் சாட்சிதான் கிடைக்கவில்லை. காரணம், ஆதம் தண்டையல் யாரோடும் சண்டை பிடித்ததில்லை. கோபம் வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிற மனிதராம். தன் வாப்பாவின் எதிரிகளைத் தேடி நானா அலைந்த அலைச்சல் ஒரு தனிக் கதை. கண்டக்குளிக்குப் போனார், வண்ணாத்திவில்லுவுக்குப் போனார், தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "எங்கட வாப்பாவோட பகையான ஆக்கள் யாரும் ஈக்குதா?" என்று கேட்டார். பழைய பகை தீர்க்க வந்திருக்கிறார் என்று பயந்து, ஒருவரும் இல்லை, தங்கமான மனிதர் என்று சொல்லி அனுப்பினார்கள். எதிரி கிடைக்காமல் இப்படி முகம் வாடிப்போன ஒரு மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாங்கள் சிரித்தோம், பிறகு சிரிக்க முடியவில்லை. நானாவின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இரத்தம் சுத்திகரிக்கப் புத்தளத்துக்குப் போய்வரத் தொடங்கினார். திரும்பி வருகிற நாட்களில் வெள்ளைச் சாரம் இடுப்பில் நிற்காமல் வழுகும். எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த கண்ணுக்கு அவருடைய கணக்கு தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும். வாப்பாவின் பலகையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டுந்தான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

"நானா, சட்டம் போட்டது நீங்கதானே. ஒருக்கா விட்டுக் கொடுத்தா யார் கேக்கப்போறது?" என்று நான் கேட்டேன்.

"ஹாஜியாருக்குத் திறக்காத கதவு மிஸ்ஸி. அது எனக்கு மட்டும் எப்படித் திறக்கும்?"

அன்று அவர் ஒரு சின்ன வயதுக் கதையும் சொன்னார். ஒரு பெருநாள் காலையில், எல்லாரும் தொழுகை முடித்து வந்து சாப்பிட உட்காருகிற நேரம், வாப்பா எழும்பிக் கடலுக்குப் போய்விட்டார். பொழுது சாய்ந்துதான் திரும்பினார். அன்றைக்கு உடுத்த புதுச் சாரம் முழுக்கக் கருவாட்டு நாற்றம். பெருநாளும் அதுவுமாகக் கருவாட்டு வியாபாரமா என்று உம்மா ஏசினார். வாப்பா ஒரு கதையும் கதைக்கவில்லை. சோறு மிச்சமிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். "நான் அன்னைக்கு வாப்பாவோட கோவிச்சுக்கொண்டு படுத்தேன். அந்தக் கோவம் இன்னும் கொஞ்சம் ஈக்குது," என்றார் நானா. அப்படியானால் நீங்களே இரண்டாம் சாட்சி சொல்லலாமே என்று கேலி செய்தேன். சொந்த வீடு செல்லாது என்று அவரும் சிரித்தார்.

அந்த வருடம் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனேன். வழமைபோல மரத்தடியில் கொட்டில் போட்டுத் தங்கினோம். அடுத்த கொட்டில் கண்டக்குளிக்காரர். அதில் பிலோமினா என்று என் வயதொத்த ஒரு பெண், மத்தியானச் சோற்றுக்குக் கருவாடு பொரித்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டுவது மருமகளை என்று முதலில் நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், அவர் திட்டியது ஒரு தண்டையலை. எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் அந்த மனிதனுக்கு ஏச்சு விழாமல் சட்டி இறங்காது, எங்கள் அப்பு, பெற்ற தகப்பன், பழக்கிவிட்ட பழக்கம் என்றார். எந்தத் தண்டையல் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். அன்னம்மாளுக்கு அன்று நான் கொளுத்திய மெழுகுதிரி இரண்டு மடங்கு.

பிலோமினாவைச் சனிக்கிழமை கூட்டிவந்தேன். நானா எழும்பிச் சுவிட்ச் பக்கத்துக் கதிரையை எனக்குக் காட்டிவிட்டு, மகன்மாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். துவாரத்தடியில் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது. நான் ஃபேனை நிறுத்தினேன்.

"எங்கட அம்மாவுக்கு நோவு வந்த அன்னைக்கு நாங்க தீவில," என்று பிலோமினா தொடங்கினார். "ஆள் அனுப்பினதும் இந்தத் தண்டையல் வந்தவராம். அன்னைக்கு உங்கட ஆக்களுக்குப் பெருநாளாம். புதுச் சாரத்தோட வந்து நிண்டாராம். அப்பு பாத்தாராம், சும்மா போற தோணிதானே எண்டு. அந்தப் பருவத்துக் கருவாட்டை முழுக்க ஏத்திட்டார். ஆஸ்பத்திரிக்கும் ஆச்சு, சந்தைக்கும் ஆச்சு. பாதிக் கடல்ல காத்து விழுந்திட்டு. தோணி அசையல்ல. அம்மா கத்துறா. தண்டையல் ஒரு கதையும் கதைக்கல்லயாம். எழும்பிக் கருவாட்டுச் சிப்பத்தைத் தூக்கிக் கடல்ல போட்டாராம். அப்பு கையைப் பிடிச்சாராம். அந்த மனுசன் அப்புட கையை மெதுவா எடுத்து விட்டிட்டு அடுத்த சிப்பத்தையும் போட்டாராம். ஒண்டு மிச்சமில்ல. பிறகு தண்டு வலிச்சுப் போனாங்களாம்."

பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்டேன்.

"நான் ஆஸ்பத்திரியில பிறந்தேன். கழுத்தில கொடி சுத்தி. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நானும் இல்ல, அம்மாவும் இல்ல எண்டு டொக்டர் சொன்னவராம். சரி, அது வேற கதை. கேக்காமக் கொள்ளாம அவ்வளவு கருவாட்டையும் கடல்ல போட்டது பிழையா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

பிழைதான் என்று எல்லோரும் சொன்னோம். வேறென்ன சொல்வது. கருவாட்டு நாற்றம் பிடித்த அந்தப் பெருநாள் சாரத்தை நானா வெளியே நின்று இப்போது எப்படி மோந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்தபோது முகம் நனைந்திருந்தது, ஆனால் அத்தனை பெரிய சிரிப்பை அதற்கு முன் நான் அந்த முகத்தில் கண்டதில்லை. பிலோமினாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"நீங்க மகன் எண்டு தெரியாமத் திட்டிட்டேன் நானா. அவரை மன்னிச்சிட்டேன் எண்டு சொல்லிர்ரேன், முடிஞ்ச கதைதானே."

"மன்னிச்சிராதீங்க தங்கச்சி," என்று நானா பதறிவிட்டார். "மன்னிச்சா உங்கட சாட்சி செல்லாமப் போயிரும். பலகை ஏறுறவரைக்கும் கோவமா ஈங்க."

அடுத்த மாதம் வாங்கைக் கழற்றிப் பலகையாக்கி, ஆதம் தண்டையல் என்று எழுதி ஏற்றினோம். சாட்சிகள் அதன் பிறகு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார்கள். நானா புத்தளத்துக்குப் போய்வருகிற நாட்களிலெல்லாம் வண்டியைக் காம்பரா வாசலில் நிறுத்தச் சொல்லி, இறங்காமலே அந்தப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நிம்மதியாக இருந்தார். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் கடைசிவரை அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தவள் நான். வலித்த நாட்களிலும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. ஒரு விடியற்காலை, சுபஹ் தொழுகைக்கு வுழு எடுத்து, முகம் கைகால் கழுவிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

ஜனாஸா வீட்டில், அக்கா முறையில் நாங்கள் தாத்தா என்று கூப்பிடுகிற அவருடைய மனைவி ஹம்சியா தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகன்மார் என்னிடம் வந்து, வாப்பாவுக்கு ஒரு பலகை போடுவோம் மிஸ்ஸி, அடுத்த சனிக்கிழமையே போடலாமே என்றார்கள். நான் பதில் சொல்வதற்குள் தாத்தா அழுகையை நிறுத்திவிட்டு, "அது நாங்க கேக்கிற கதை இல்ல மகன்," என்றார். வீட்டிலிருந்த எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தோம்.

தாத்தாவின் இத்தா முடிகிறவரை நான் கூட்டத்தைப் போடவில்லை. கணவன் இறந்த பெண் அந்த மாதங்களில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். துவாரத்தடியில் நிற்க வேண்டிய முதலாவது ஆள் தாத்தா. அவர் இல்லாமல் என்ன கூட்டம். இந்த அஞ்சலி இவ்வளவு பிந்தி வருவதற்கும் அதுதான் காரணம். பொறுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை கூடினோம். முதற்சாட்சி நான். வேறு மதம், வேறு வீடு, ஒரு சண்டையும் கிடையாது, ஆகவே எனக்கு முதலாவது இடந்தான். மேலே எழுதியவற்றைத்தான் அங்கேயும் சொன்னேன். சொல்லி முடித்து, இரண்டாம் சாட்சிக்கு யாராவது உண்டா என்று கேட்டேன். நானாவோடு வாதாடாதவர் ஊரில் இல்லை, என்றாலும் இறந்த மனிதர் மேல் குறை சொல்ல எல்லோருக்கும் வாய் கூசியது. அப்போது வாசலில் ஒரு வண்டி நின்றது. ரவூப் ஹாஜியார் இறங்கி வந்தார். அன்று எழும்பிப் போனவர் அதற்குப் பிறகு உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. நேரே அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். என் சாட்சி முடிந்ததும் நான் போட்டது, சுற்றிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு மஹ்ரூபோட கோவம். இப்பவும் கோவந்தான்," என்றார். "எல்லாரையும் என்னைப் பாத்துச் சிரிக்க வச்சான். அது ஒண்டு. அடுத்தது உங்களுக்குத் தெரியாது. அவன் எதிரி தேடி அலைஞ்சு திரிஞ்ச காலத்துல, ஒரு நாள் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நான் அவன்ட வீட்டுக்குப் போனேன். உடம்பு ஏலாம ஈக்கிறாய், வாப்பாட பலகையைப் போட்டிரு, நான் ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டேன், நானே ஆணி அடிச்சுத் தாரேன் எண்டு சொன்னேன். அவன் என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்றான், நான் இப்ப போட்டா உங்கட மூத்தவாப்பாக்கு அன்னைக்கு நான் செஞ்சது அநியாயமாப் போயிரும் ஹாஜியார் எண்டு. ஒரே வாங்கில படிச்சவன். நான் இறங்கிப் போனேன், அவன் இறங்கல்ல. அன்னைக்கும் என்னைத் தோக்கடிச்சிட்டான்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸி, அந்த ஃபேனை நிப்பாட்டுங்க. வெளியில நிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஹாஜியார் கோபம் என்று தொடங்கியதும் நான்தான் பயந்துபோய் ஃபேனை நிறுத்தாமல் விட்டிருந்தேன். நானாவாக இருந்தால் முகத்தைப் பார்த்தே நிறுத்தியிருப்பார். சுவிட்சை அமர்த்தினேன். ஹாஜியார் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் உரத்து, கொஞ்சம் மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல்.

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி நான் கோவத்தை விடலாமா?" என்று கேட்டார்.

"பலகை ஏறுறவரைக்கும் பொறுங்க ஹாஜியார்," என்றேன்.

தலையாட்டினார். பலகைக்கு மரம் தன் பட்டறையில் கிடக்கிற பழைய வள்ளத்தில் எடுக்கச் சொன்னார். மூத்தவாப்பாவுக்கு இன்னும் ஓர் எதிரியைத் தேடிக்கொண்டுதான் இருப்பதாகவும் சொன்னார். அப்போது துவாரத்து வழியாக ஹம்சியா தாத்தாவின் குரல் வந்தது.

"மிஸ்ஸி, இனி ஃபேனைப் போடுங்க. ஹாஜியாருக்கு வேர்க்கும். எங்களுக்கு எல்லாம் கேட்டிச்சு."

மஹ்ரூப் நானாவின் வலைக்கடை மகன்மாருக்கு. அத்தர்ச் சிமிழ் தாத்தாவுக்கு. எனக்கு அவர் விட்டுப்போனது சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கதிரை. அதில் இப்போது நான் உட்காருகிறேன். யாராவது ஒருவரைப் பற்றி நல்லது சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொள்கிறேன். யாராவது ஒருவரைத் திட்டத் தொடங்கினால், கையைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, அவருடைய முகத்தைப் பார்க்கிறேன்.